புளியந்தீவில் அம்மம்மாவின் பழைய கடைவீடு: இடிக்கிறதா, திருத்துறதா?

வாவிக்கரை:
வணக்கம். மட்டக்களப்பு புளியந்தீவில் எங்களுக்கு அம்மம்மா காலத்து வீடு ஒன்று இருக்கிறது. முன்பக்கம் கடை, பின்னால் நாலு பக்கமும் வீடு சூழ்ந்த நாற்சார் முற்றம், மேலே பலகைத் தட்டு. சீதனமாக வந்த வீடு, உறுதிப்பத்திரம் அம்மா பேரிலும் பெரியம்மா பேரிலும். இடித்து மூன்று மாடி எழுப்பி வாடகைக்கு விடுவோம் என்று பெரியப்பா நிற்கிறார். எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பொழுதுபட்டால் அந்தத் தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை, திருத்தி எதையாவது நடத்தினால் எடுபடுமா? சுவரின் அடிப்பக்கம் உப்புப் பூத்து உதிர்கிறது, சீமெந்து பூசினால் சரி என்கிறார் மேசன்.

உளிச்சத்தம்:
தம்பி, சீமெந்தை மட்டும் பூச விடாதீங்க. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் நிலத்து ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுவிடும். வெளிப்பக்கத்தை சீமெந்தால் அடைத்தால் ஈரம் போக வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும், பூச்சுக்குப் பின்னால் உப்பு கட்டிபட்டு செங்கல்லையே பொருக்கு எழுப்பும், கொஞ்ச மாரி கழிய பூச்சு பாளமாகக் கழன்று விழும்போது கல்லின் முகமும் சேர்ந்து வரும். உதிர்ந்ததைச் சுரண்டி, நன்றாகக் காயவிட்டு, சுண்ணாம்பே பூசுங்க.

அதுக்கும் முதல் கூரை. உடைந்த ஓடு, மழைத்தண்ணி ஓடும் பீலி, அப்புறம் தீராந்தி, அதுதான் உத்தரம், சுவருக்குள் போகிற இடம். அந்த நுனியில் கத்தியால் குத்திப் பாருங்க, மரத்தில் வைரம் இருந்தால் கத்தி ஏறாது. மாவாக இறங்கினால் அந்தத் துண்டை மட்டும் மாற்றலாம். ஐப்பசி மழைக்கு முதல் இதை முடிக்க வேண்டும்.

மருதமுனையாள்:
கொழும்புக் கோட்டையில் ஒல்லாந்தர் ஆஸ்பத்திரியை 2011 இல் கடைகளும் சாப்பாட்டு இடங்களுமாகத் திறந்தார்கள், நன்றாகப் போகிறது. அதைப் பார்த்து இங்கே ஒரு கஃபே போட்டுவிடாதீங்க. அங்கே சுற்றிவர அலுவலகமும் ஹோட்டலும், இங்கே வெள்ளைக்காரர் பாசிக்குடாவுக்கும் அறுகம்பைக்கும் போகிற வழியில் ஒரு படம் எடுத்துவிட்டுப் போவார்கள். ஊர்ச்சனம் கிழமைக்கு ஒருமுறையாவது வரவேண்டிய கடை வேணும்: தையல், எங்கட கைத்தறிச் சாரன், எருமைத் தயிர். மேல் தட்டில் ஒரு குடும்பம் குடியிருக்கட்டும், இரவில் லைட் எரிந்தாலே தெருவுக்குப் பாதிப் பயம் போய்விடும். 1638 இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடம் பிடித்த நம்ம மட்டக்களப்புக் கோட்டை இவ்வளவு காலம் நின்றதற்குக் காரணம், உள்ளே கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகம் நடந்து சனம் ஃபைலோடு ஏறி இறங்கினதுதான் என்பேன். ஆள் புழங்கினால்தான் ஒழுக்கு கண்ணில் படும்.

பழைய உறுதி:
திருத்துவதுதான் என் விருப்பமும், ஆனால் ஒரு செங்கல் கழற்றும் முன் அம்மாவும் பெரியம்மாவும் ஒரே தாளில் கையெழுத்து வைக்கட்டும். செலவு யார், வாடகையில் யாருக்கு எவ்வளவு, நாளைக்கு ஒருவர் விற்க நினைத்தால் என்ன, எல்லாம் அதில் வரவேணும். நான் பார்த்த பல வீடுகள் விழுந்தது மழையால் இல்லை, பங்குச் சண்டையில் பூட்டுப் போட்டதால். தட்டு, படி, முகப்பு எதை மாற்றுவதானாலும் மாநகர சபையில் முதலே கேளுங்க. முழு வீட்டையும் ஒரேயடியாகத் தொடவேண்டாம், முன் கடையை மட்டும் திருத்தி ஒரு தையல்காரருக்குக் குறைந்த வாடகைக்கு விடுங்க.

வாவிக்கரை:
நன்றி. கையெழுத்து விஷயத்தை ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாவிடம் பேசுகிறேன். உளிச்சத்தம் அண்ணே, சுண்ணாம்பு வேலை தெரிந்த மேசன் மட்டக்களப்புப் பக்கம் யாரும் இருந்தால் தனியாக எழுதுங்க.