டான்சில் எடுத்தும் தூக்கத்துல வர்ற மூச்சுத்தடை முழுசா போகல, சிபாப் மாஸ்க்கை பாப்பா பிடுங்கி எறியறா

சின்னுஅம்மா:
எல்லாருக்கும் வணக்கம். எங்க பாப்பாவுக்கு அஞ்சு வயசு, டவுன் சிண்ட்ரோம். போன வருஷம் தூக்கத்துல மூச்சு எப்படிப் போகுதுன்னு ராத்திரி பூரா பாக்கற ஸ்லீப் ஸ்டடில ஏ.எச்.ஐ. (ஒரு மணி நேரத்துக்கு எத்தனை தடவை மூச்சு நிக்குது, இல்ல குறையுதுங்கற கணக்கு) 18 வந்துச்சு, டான்சில், அடினாய்டு ரெண்டையும் எடுத்தாங்க, அப்பாடா முடிஞ்சுதுன்னு இருந்தோம். குறட்டை நெஜமாவே குறைஞ்சுருச்சு. ஆனா ராத்திரி பூரா புரண்டுக்கிட்டே இருக்கா, திடீர்னு எந்திரிச்சு சம்மணம் போட்டு தலையை முன்னாடி மெத்தையில கவுத்துக்கிட்டு அப்படியே தூங்கறா, காலைல பாத்தா தலையணை வேர்வைல நனைஞ்சு கெடக்கு. திரும்ப ஸ்டடி பண்ணினா 9. டாக்டர் சிபாப் போடணும்ங்கறாங்க, மூச்சுக்குழாய் அடைக்காம இருக்க மாஸ்க் வழியா அழுத்தமா காத்து விடற மெஷின். நாலு நாளா நான் கையை பிடிச்சுக்க அவர் மாஸ்க்கை மாட்டன்னு போராடிட்டோம், இப்ப மெஷின் இருக்கற ரூமுக்கே வரமாட்டேங்கறா, எனக்கு அழுகையா வருது. ஆபரேஷன் சரியா பண்ணலையா? மாஸ்க் இல்லாம வேற வழி இருக்கா?

கவின்அம்மா:
சின்னுஅம்மா, முதல்ல கையை பிடிச்சு மாட்டறதை இன்னைக்கே நிறுத்திருங்க. நாங்களும் அதே தப்பைத்தான் பண்ணினோம், அப்புறம் அந்த பயம் போறதுக்கே ரெண்டு மாசம் ஆச்சு. என் பையனுக்கு இப்ப ஒம்பது வயசு, மூணு வருஷமா சிபாப் போட்டுத்தான் தூங்கறான். மெஷினை எடுத்து உள்ள வெச்சுட்டு மாஸ்க்கை மட்டும் பொம்மைக் கூடையில போட்டு வெச்சேன், அவனா எடுத்து கரடி பொம்மைக்கு மாட்டினான், எனக்கு மாட்டினான், நான் அதோடயே பேசி சிரிப்பு காட்டினேன். அப்புறம் பகல்ல, நல்ல மூட்ல இருக்கறப்ப, மூக்குல வெச்சு ஒன்னு ரெண்டு மூணு எண்ணி அவன் கேக்கறதுக்கு முன்னாடியே எடுத்துருவேன், அதுதான் முக்கியம், எடுத்துருவாங்கன்னு நம்பிக்கை வரணும். மூணு பத்தாச்சு, பத்து ஒரு பாட்டு முடியற வரைக்கும்னு ஆச்சு. அதுக்கப்புறம்தான் பட்டை, அதுக்கப்புறம்தான் குழாயில காத்து. காத்தை முதல்ல உள்ளங்கையில அடிக்க விட்டோம், கூசுதுன்னு சிரிச்சான். முகத்துல அழுத்தமா காத்து பட்டாத்தான் பசங்க பயப்படறாங்க, அதனால மெதுவா ஏத்தற ரேம்ப் செட்டிங் இருக்கான்னு டாக்டர்ட்ட கேளுங்க, நீங்களா பிரஷரை மாத்தாதீங்க. தூங்கினப்புறம் திருட்டுத்தனமா மாட்டறதும் வேண்டாம், பாதி தூக்கத்துல முழிச்சா மிரண்டுருவா.

லேப்டெக்னீஷியன்:
நான் டாக்டர் இல்ல, ஸ்லீப் லேப்ல ராத்திரி டியூட்டி பாக்கறேன். ஆபரேஷன் மேல சந்தேகமே வேண்டாம் சிஸ்டர். இந்தக் குழந்தைங்களுக்கு டான்சில் ஒன்னு மட்டும் காரணம் இல்ல. முகத்தோட நடுப்பகுதி எலும்பு சின்னது, வாய்க்குள்ள இருக்கற இடத்துக்கு நாக்கு பெருசு, தசை தளர்வு வேற, தூங்கறப்ப நாக்கு பின்னாடி சரிஞ்சு அடைக்குது. அதனாலதான் டான்சில் எடுத்தப்புறமும் பாதிப்பேர் அளவுக்கு மூச்சுத்தடை மிச்சம் இருக்கு, திரும்ப ஸ்டடி எழுதறதும் அதுக்குத்தான். குழந்தைங்களுக்கு ஏ.எச்.ஐ. 1க்கு மேலயே நார்மல் இல்லம்பாங்க, 10க்கு மேல சிவியர், உங்க பாப்பா 18ல இருந்து 9க்கு வந்துருக்கா, ஆபரேஷன் வேலை செஞ்சிருக்கு, போதல, அவ்வளவுதான். உக்காந்து கவுந்து தூங்கறது அவளா மூச்சுக்கு வழி தேடிக்கறது.

மாஸ்க் சைஸை ஒருதடவை பாத்துருங்க. மூக்குத்தண்டு தட்டையா இருக்கறதால மேல் ஓரத்துல காத்து கசிஞ்சு கண்ணுல அடிக்கும், காலைல கண்ணு செவந்திருந்தா அதுதான். கசியுதுன்னு பட்டையை இறுக்காதீங்க, வேற மாடல் கேளுங்க. வருஷக்கணக்கா போடறப்ப முக எலும்பு வளர்ச்சியையும் டாக்டர் பாத்துக்கிட்டே இருக்கணும். தைராய்டு கடைசியா எப்ப பாத்தீங்க? மூச்சுத்தடைக்கு அதுவும் ஒரு காரணமாகலாம், எடை ஏறறதும்தான். நாக்கோட அடிப்பகுதியில தனியா இருக்கற அடிநாக்கு டான்சில் வீங்கியிருக்கான்னு மயக்கத்துல ட்யூப் விட்டு பாக்கற ஸ்லீப் எண்டோஸ்கோபி பத்தியும் இஎன்டி டாக்டர்ட்ட கேளுங்க, எங்க அடைக்குதுன்னு கண்ணாலயே தெரிஞ்சுரும். மயக்கம் குடுக்கறதுக்கு முன்னாடி கழுத்தை ரொம்ப வளைக்க வேண்டாம்னு ஞாபகப்படுத்திருங்க, மேல் கழுத்து மூட்டு இவங்களுக்கு லூஸா இருக்கலாம்.

அகில்அப்பா:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். என் பையனுக்கு மூணரை வயசு, அவனும் டவுன் சிண்ட்ரோம்தான், குறட்டையே கெடையாது. அவனுக்கும் ஸ்டடி எழுதியிருக்காங்க, அவ்வளவு ஒயரை ஒட்டி குழந்தையை கஷ்டப்படுத்தணுமான்னு வீட்ல ஒரே பேச்சு. தேவையா?

லேப்டெக்னீஷியன்:
தேவைதான் சார். டவுன் சிண்ட்ரோம் குழந்தைங்க எல்லாருக்கும், அறிகுறி இருந்தாலும் இல்லைன்னாலும், மூணுல இருந்து நாலு வயசுக்குள்ள ஒரு ஸ்டடி பண்ணிருங்கன்னு அமெரிக்க குழந்தை மருத்துவர் சங்கத்தோட வழிகாட்டுதலே சொல்லுது. நல்லாத்தான் தூங்கறான்னு அப்பா அம்மா சொல்லி, ராத்திரி ஆக்சிஜன் கோடு இறங்கி இறங்கி ஏறறதை நானே எத்தனையோ தடவை ஸ்க்ரீன்ல பாத்துருக்கேன். கவனிக்காம விட்டா நுரையீரல் ரத்தக்குழாய்ல பிரஷர் ஏறும், ஏற்கனவே இதயத்துல ஓட்டை இருந்த குழந்தைன்னா அது இன்னும் சிக்கல். ஒயரெல்லாம் தோல் மேல ஒட்டறதுதான், ஊசி கெடையாது, ராத்திரி பூரா பக்கத்துலயே நீங்க இருக்கலாம்.

கவின்அம்மா:
வேற வழி கேட்டிருந்தீங்கல்ல, மூக்குல அடிக்கற ஸ்டீராய்டு ஸ்ப்ரே எல்லாம் லேசான கேஸுக்குத்தான் குடுப்பாங்க. நாக்கு நரம்பைத் தூண்டற கருவி ஒன்னு இருக்கு, அமெரிக்காவுல 2023ல டவுன் சிண்ட்ரோம் இருக்கற 13ல இருந்து 18 வயசு பசங்களுக்கு அனுமதிச்சாங்க, அதுவும் சிவியர் கேஸுக்குத்தான். பாப்பாவுக்கு இப்போதைக்கு மாஸ்க்தான்மா, பழகிருவா.

சின்னுஅம்மா:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். தைராய்டு பாத்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, இந்த வாரமே பாக்கறோம். மெஷினை அலமாரிக்குள்ள வெச்சாச்சு. சாயங்காலம் மாஸ்க்கை என் மூக்குல வெச்சுக்கிட்டு காய்கறி நறுக்கிக்கிட்டு இருந்தேன், பாப்பா ரொம்ப நேரம் கதவு பின்னாடி நின்னு பாத்துட்டு, கிட்ட வந்து ஒரு விரலால தொட்டுட்டு ஓடிட்டா.