புதுப்பிப்பு: அஜைல் முறைக்கு மாறிய பின்

தேவைகள் முழுவதையும் எழுதி ஒப்பமிட்ட பின்னரே நிரலாக்கத்தைத் தொடங்கும் வழக்கத்தை மட்டக்களப்பிலுள்ள எங்கள் சிறிய மென்பொருள் அணி கைவிட்டு, சிறு சிறு பகுதிகளாகச் செய்து வாடிக்கையாளரிடம் காட்டித் திருத்தும் அஜைல் முறைக்கு மாறலாமா என்று முன்னர் இங்கே கேட்டிருந்தேன், மாறிவிட்டோம். நாங்கள் பின்பற்றும் அஜைல் வகையான ஸ்க்ரமில் ஒரு ஸ்பிரிண்ட் (ஒரு பகுதியைச் செய்து முடிக்கும் குறுகிய காலச் சுற்று) ஒரு மாதம் வரை நீளலாம் என்றாலும், நாங்கள் 2 வாரங்களையே வைத்துக்கொண்டோம். முதல் ஸ்பிரிண்டின் முடிவில் மென்பொருளின் திரையைப் பார்த்த எங்கள் வாடிக்கையாளரான அம்பாறை மாவட்ட அரிசி ஆலை உரிமையாளர், "தம்பி, நெல்லை நாங்க மூடைக் கணக்கிலதான் எடுக்கிற, இதில கிலோ மட்டும்தானே இருக்கு" என்றார். அவரே கையொப்பமிட்ட தடித்த ஆவணத்தில் அது எவர் கண்ணிலும் பட்டிருக்கவில்லை.

15 நிமிட அன்றாடக் கூட்டம் மட்டும் இன்னும் சரிவரவில்லை. அணியினர் ஒருவரோடொருவர் பேசாமல் எனக்கே அறிக்கை ஒப்பிக்கிறார்கள் (பழைய திட்ட முகாமையாளர் என்பதால் தவறு என்னுடையதாகவும் இருக்கலாம்). 2001ஆம் ஆண்டின் அஜைல் பிரகடனம் ஒப்பந்தப் பேரத்தைவிட வாடிக்கையாளருடனான ஒத்துழைப்பையே மேலாக மதிக்கிறது. எங்கள் ஒப்பந்தமோ இன்னும் நிலையான தொகையிலேயே இருப்பதால், அடுத்த பேச்சு அதைப் பற்றியது.