புதுப்பிப்பு: மகளின் சுருட்டை முடி, இரண்டு மாதத்துக்குப் பிறகு

பாளையங்கோட்டையில் போர்த் தண்ணீர் வீட்டுக்குக் குடிவந்ததும் மகளின் சுருட்டை முடி தேங்காய் நார் மாதிரி வறண்டுவிட்டது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நன்றாகத் தேறியிருக்கிறது.

போர்த் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் முடியில் படியும். அதனால் கடைசி அலசலுக்குக் குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீர் ஒரு வாளி. தலைக்குக் குளிப்பது வாரம் இரண்டு முறைதான்.

காய்ந்த தலையைச் சீப்பால் இழுப்பதை விட்டதுதான் பெரிய மாற்றம். பாவம் பிள்ளை, இத்தனை வருடம் பொறுத்துக்கொண்டாள். இப்போது ஈரத்தில் கண்டிஷனர் தடவி, அகலப்பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுக்கிறேன். சுருட்டை முடியில் தலையின் எண்ணெய் வளைவுகளைத் தாண்டி எளிதில் இறங்காது, நுனிதான் முதலில் வறளும். ஆகவே முடி சொட்டச் சொட்ட இருக்கும்போதே, ஆளி விதையை வேகவைத்து வடித்த கொழகொழப்பைப் பூசி, கையால் கசக்கிவிட்டு, பழைய பனியன் துணியில் ஒற்றுகிறேன். துண்டால் தேய்ப்பதே இல்லை. அப்புறம் நுனிக்கு மட்டும் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய். நேற்று காதோரம் ஒரு சுருளை இழுத்து விட்டேன். துள்ளிச் சுருண்டு அதே இடத்தில் உட்கார்ந்தது.

ஆச்சி சொன்ன செம்பருத்தி இலையும் நல்லதுதான். ஆனால் அரைத்ததை வடிகட்டித் தேய்க்க வேண்டும், இல்லையென்றால் சக்கை சுருளுக்குள் மாட்டிக்கொள்கிறது.

ஆடிக் காற்று அடிக்கிற நாட்களில் மட்டும் பின்னிவிட்டுப் பள்ளிக்கு அனுப்புகிறேன்.