அரசு வெப்சைட் இப்படி இருக்கிறதுக்கு யாரைத் திட்டணும்?

கடல்காத்து:
ஒரு சான்றிதழுக்கு ஆன்லைன்ல அப்ளை பண்ண உக்காந்தேன், எந்த ஆபீஸுன்னு கேக்காதீங்க. ஃபோட்டோ 50 கேபிக்கு மேல போகக்கூடாதாம், சரின்னு குறைச்சா 20க்கு கீழ போயிடுச்சுன்னு சிவப்புல ஒரு வரி, அதையும் சரி பண்ணிட்டு வர்றதுக்குள்ள செஷன் முடிஞ்சுபோச்சு, அடிச்சதெல்லாம் காலி, மறுபடி பேர்லேர்ந்து ஆரம்பி. முகப்புல அமைச்சர் ஃபோட்டோ ஸ்லைடர் மட்டும் வழுக்கிக்கிட்டு ஓடுது. 2009லயே அரசு வெப்சைட்டுக்குன்னு என்ஐசி, அதான் மத்திய அரசோட கம்ப்யூட்டர் மையம், ஒரு விதிமுறை போட்டாச்சு, ஜிஐஜிடபிள்யூன்னு பேரு, 2023ல மூணாவது பதிப்பும் வந்தாச்சு. எவனாவது படிச்சிருப்பானா?

எல்ஒன்னுக்கு வாக்கப்பட்டவன்:
நான் படிச்சிருக்கேன் நண்பா, டெண்டர் எடுத்த கம்பெனில வேலை பாத்தவன். டெண்டர்லயே "ஜிஐஜிடபிள்யூ விதிப்படி இருக்கணும்"னு ஒத்த வரி இருக்கும், அதோட சரி. ரேட்டு யாரு கம்மியா போட்டானோ அவனுக்கு வேலை, அவனைத்தான் எல்ஒன்னும்பாங்க. அப்புறம் ஆபீஸ்லேர்ந்து விஷயம் எப்படி வரும்னு நினைக்கிறீங்க? கம்ப்யூட்டர்ல அழகா டைப் பண்ணி, பிரின்ட் எடுத்து, கையெழுத்து போட்டு, சீல் குத்தி, அதை ஸ்கேன் பண்ணி கோணலா ஒரு பிடிஎஃப்பா வரும். வேர்டு ஃபைல் குடுங்க சார்னா "அதுல கையெழுத்து இல்லையேப்பா"ம்பாங்க. அப்படியே குடுத்தாலும் யூனிகோட் இல்லாத பழைய வானவில் ஃபான்ட்ல இருக்கும், காப்பி பண்ணா ஒரு எழுத்து தேறாது. இத்தனைக்கும் எந்த கம்ப்யூட்டர்லயும் எழுத்து மாறாத யூனிகோட 2010லயே தமிழ்நாடு அரசே தரமா அறிவிச்சாச்சு. டிசைன் பண்றவனைத் திட்டி என்ன ஆகப்போகுது?

வெண்கோல்:
அந்தக் கோணல் பிடிஎஃப் உங்களுக்கெல்லாம் பாக்க அசிங்கம், அவ்வளவுதான். எனக்குக் கண்ணு தெரியாது, என்விடிஏன்னு ஸ்க்ரீன்ல இருக்கறதை வாசிச்சுச் சொல்ற சாஃப்ட்வேர், அதாவது ஸ்க்ரீன் ரீடர், வெச்சுத்தான் படிக்கிறேன், அதைத் திறந்தா காலிப் பக்கம்னு சொல்லும். எந்த அரசு சைட்டுக்குப் போனாலும் மேல "ஸ்க்ரீன் ரீடர் ஆக்சஸ்"னு ஒரு லிங்க் இருக்கும் பாத்திருப்பீங்க, உள்ள போனா ஸ்க்ரீன் ரீடர் எங்கெங்க டவுன்லோடு பண்ணலாம்னு ஒரு பட்டியல். ஏங்க, ஸ்க்ரீன் ரீடர் இல்லாம நான் அந்தப் பக்கத்துக்கு எப்படி வந்தேன்? பல சைட்ல அதுல விண்டோ ஐஸ்னு ஒரு பழைய ஸ்க்ரீன் ரீடர் பேரு இன்னும் இருக்கு, அதை 2017லயே நிறுத்திட்டாங்க. ஒரு சைட்லேர்ந்து இன்னொண்ணுக்கு அப்படியே காப்பி அடிச்சது.

பேனாமூடி:
எல்லாரும் ஒரேயடியா திட்டுறீங்களே. வில்லங்கம் பாக்க சார்பதிவாளர் ஆபீஸ் வாசல்ல நின்னதெல்லாம் மறந்துபோச்சா? இன்னைக்கு வீட்லேர்ந்தே பாக்கறோம், பட்டா நகல் எடுக்கறோம். மாவட்ட சைட்டெல்லாம் வெப்சைட் கட்டிக் குடுக்கற என்ஐசியோட எஸ்3வாஸ் தளத்துல ஒரே அச்சா வந்துடுச்சு, மதுரையைத் திறந்தாலும் தேனியைத் திறந்தாலும் மெனு அதே இடத்துல இருக்கு. அழகு வேணும்னா ஷாப்பிங் ஆப்புக்குப் போங்க ஜி, அரசாங்கத்துல வேலை நடந்தா போதும்.

கடல்காத்து:
அழகை யாரு கேட்டா? நடக்கலைங்கறதுதான பிரச்னையே. நீங்க சொல்ற மாவட்ட சைட்டு கலெக்டர் பேரும் சுற்றுலாத் தலமும் பாக்கறதுக்கு, ஃபார்ம் போடணும்னா வேற போர்ட்டலுக்குத் தள்ளிவிட்டுடும், அங்க போனா புதுசா ஒரு லாகின் ஒரு பாஸ்வேர்டு. இங்கிலாந்துல 2012ல டைரக்ட்கவ், பிசினஸ் லிங்க்னு இருந்த ரெண்டு பழைய அரசு சைட்டையும் மூடிட்டு கவ்.யூகேன்னு ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தாங்க. ஸ்லைடர் கிடையாது, தேவையானது மட்டும் இருக்கும்.

பேனாமூடி:
லண்டன் கதை வேணாம். அவங்க ஜனத்தொகை என்ன, நம்ம ஜனத்தொகை என்ன.

எல்ஒன்னுக்கு வாக்கப்பட்டவன்:
ஜனத்தொகை இல்ல ஜி, அங்க அரசாங்கமே சொந்தமா டீம் வெச்சு பண்ணாங்க. நம்ம ஊர்ல வெண்டார் கட்டிக் குடுத்துட்டுப் போயிடுவான், அப்புறம் ஒரு வரி மாத்தணும்னாலும் ஃபைல் நகரணும்.

கடல்காத்து:
காசு கம்மிங்கறதையும் நான் ஒத்துக்க மாட்டேன். வருமான வரி ஃபைலிங் ப்ராஜெக்டுக்கு கேபினட் 4,200 கோடிக்கு மேல ஒப்புதல் குடுத்துச்சு, பண்ணது இன்ஃபோசிஸ். 2021 ஜூன் 7ஆம் தேதி திறந்தாங்க, அன்னைலேர்ந்தே தகராறு, ஆகஸ்ட்ல நிதி அமைச்சகம் கம்பெனி சிஇஓவையே வரச்சொல்லி விளக்கம் கேட்டுச்சு. அங்கயும் எல்ஒன் தான் காரணமா?

எல்ஒன்னுக்கு வாக்கப்பட்டவன்:
அது வேற கதை, அதையும் இதையும் முடிச்சு போடாதீங்க.

வெண்கோல்:
எனக்கு ரெண்டு கதையும் ஒண்ணுதான், வாங்கறவன் பக்கம் யாரும் பயன்படுத்திப் பாக்கறதில்ல. கோவிட் தடுப்பூசிக்கு கோவின்ல பதிவு பண்ணணும்னாங்க, பாத்து அடிக்கற கேப்சா எழுத்து படமா மட்டும் இருந்துச்சு, ஆடியோ கிடையாது. 2021 மே மாச உத்தரவுல சுப்ரீம் கோர்ட்டே அதைச் சுட்டிக்காட்டி ஆடிட் பண்ணச் சொல்லவேண்டியதா இருந்துச்சு. 2025 ஏப்ரல் 30ல டிஜிட்டல் வசதியும் அரசியலமைப்பு 21ஆவது பிரிவுல வர்ற வாழ்வுரிமையோட சேந்ததுன்னு அதே கோர்ட்டோட தீர்ப்பே வந்தாச்சு. பேனாமூடி சார், "வேலை நடந்தா போதும்"னீங்களே, நடக்கறது யாருக்கு?

பேனாமூடி:
சரிங்க, உங்க கஷ்டம் நியாயம். அதுக்கு எல்லா சைட்டையும் இடிச்சுட்டுக் கட்ட முடியுமா?

எல்ஒன்னுக்கு வாக்கப்பட்டவன்:
இடிக்க வேணாம். கடைசி பில் பாஸ் ஆகறதுக்கு முன்னாடி வெண்கோல் மாதிரி நாலு பேரு உக்காந்து ஃபார்மை முழுசா போட்டுக் காட்டணும்னு ஒப்பந்தத்துல எழுதட்டும். பில் நின்னா ஓனர் தானா விதிமுறையைப் படிப்பாரு.

வெண்கோல்:
நான் ரெடி. ஆனா சேவைன்னு சொல்லி ஓசில கூப்பிடக்கூடாது, மணிக்கு இவ்வளவுன்னு கூலியையும் அதே ஒப்பந்தத்துல போடுங்க.