இஃப் கிளாஸ் (if clause) டைப் 1: பிள்ளைகளுக்கு எப்படிப் புரிய வைக்கலாம்?

வணக்கம். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு, பெரும்பாலும் ஒன்பதாம், பத்தாம் வகுப்பு, மாலையில் ஆங்கில இலக்கணம் சொல்லித் தருகிறேன். 'இது நடந்தால் அது நடக்கும்' என்கிற டைப் 1 வாக்கியத்தில் இஃப் பக்கம் சிம்பிள் பிரசன்ட் (நிகழ்கால வினை), மறுபக்கம் வில் என்று விதியை அழகாக ஒப்பிக்கிறார்கள். சொந்தமாக எழுதச் சொன்னால் மட்டும் 'இஃப் இட் வில் ரெய்ன், வி வில் ஸ்டே அட் ஹோம்' என்று இரண்டு பக்கமும் வில் வந்துவிடுகிறது. 'இஃப் இட் ரெய்ன்ஸ்' என்று திருத்தினால், நாளைக்குப் பெய்யப்போகிற மழைக்கு 'ரெய்ன்ஸ்' எதற்கு என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். 'நாளைக்கு மழை பெய்தால்' என்று நாம் சொல்வதில் எதிர்காலம் எங்கே இருக்கிறது என்று திருப்பிக் கேட்டேன். சிலருக்குப் பிடிபட்டது.

அதற்குள் ஒரு மாணவி 'இஃப் யூ வில் வெயிட் எ மினிட், ஐ வில் கால் ஹிம்' என்ற வாக்கியத்தைக் காட்டி, இது மட்டும் எப்படிச் சரி என்றாள். அந்த வில் காலத்தைக் காட்டவில்லை, 'தயவுசெய்து காத்திருக்கிறீர்களா' என்கிற பணிவைக் காட்டுகிறது. அவளுக்கு விளங்கியது, மற்றவர்கள் குழம்பிவிட்டார்கள். அன்லெஸ் வந்தால் இன்னும் மோசம், அதிலேயே 'இல்லாவிட்டால்' என்ற பொருள் இருந்தும் கூடவே ஒரு 'டோன்ட்' சேர்த்துவிடுகிறார்கள்.

பள்ளியில் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் சொல்லுங்களேன்: பணிவுக்கு வருகிற வில் என்ற இந்த விதிவிலக்கை இப்போதே சொல்லலாமா, அடிப்படை உறுதியான பிறகா? பஸ், கிரிக்கெட், கரண்ட் கட் என்று அவர்கள் அன்றாடம் பேசுகிற விஷயங்களில் பயிற்சி வாக்கியங்கள் இருந்தால் கமென்ட்டில் போடுங்கள். வில் மட்டுமில்லாமல் கேன், மே, மஸ்ட் வருகிற வாக்கியங்களும் வேண்டும்.