எட்டாம் வகுப்புக்கு ஏஐ: கணினி அதிகம் இல்லாமல் எப்படிச் சொல்லித்தருவது?

கேள்வி: அறிவியல் ஆசிரியை, திருவாரூர் மாவட்டம்

வணக்கம். அரசு நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு எடுக்கிறேன். போன வாரம் ஒரு பிள்ளை, "ஏஐக்கு யாரு டீச்சர் சொல்லிக்கொடுத்தா?" என்று கேட்டாள். இதற்கு வாயாலேயே விளக்கம் சொல்லி முடிக்க மனமில்லை. லேபில் நாலைந்து கணினிதான் ஓடுகிறது, கரன்ட்டையும் நம்ப முடியாது. கையால் செய்து பார்க்கிற மாதிரி ஏதாவது இருக்கிறதா?

பதில்: ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், மதுரை

டீச்சர், தீப்பெட்டி சேர்க்க ஆரம்பியுங்கள். 1961-இல் பிரிட்டனில் டொனால்ட் மிச்சி என்ற ஆய்வாளர் 304 தீப்பெட்டிகளை வைத்தே எக்ஸ்-ஓ ஆடக் கற்றுக்கொள்ளும் இயந்திரம் ஒன்றைச் செய்தார். வகுப்புக்கு அது பெரிது. மறு ஆண்டே கணிதப் புதிர் எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் 24 பெட்டியில் முடிகிற 'ஹெக்ஸாபான்' ஆட்டத்தை எழுதினார். அதுதான் நமக்குச் சரி.

மூன்றுக்கு மூன்று கட்டம், எதிரெதிர் வரிசைகளில் ஆளுக்கு மூன்று சிப்பாய். சதுரங்கத்தில் போல நேராக முன்னே ஒரு கட்டம் நகரலாம், மூலைவாட்டில் முன்னே ஒரு கட்டம் வெட்டலாம். எதிர்வரிசையைத் தொட்டாலோ, எதிராளியின் காய்களை எல்லாம் வெட்டினாலோ, அவரை நகர விடாமல் அடைத்தாலோ வெற்றி. தீப்பெட்டி எப்போதும் இரண்டாவது ஆள்.

ஒவ்வொரு பெட்டியின் மேலும் ஆட்டத்தின் ஒரு நிலையை வரைந்து, அங்கே நகர முடிகிற வழிகளுக்கு நிறநிறமாக அம்புக்குறி போடுங்கள். நிறத்துக்கு ஒரு பாசிமணி உள்ளே. பெட்டியின் முறை வந்தால் குலுக்கிவிட்டுப் பார்க்காமல் ஒரு மணி எடுக்க வேண்டும். எந்த நிறமோ அந்த நகர்வு. பெட்டி தோற்றால் அது கடைசியாக ஆடிய மணி திரும்ப உள்ளே போகாது. முதலில் கண்டபடி தோற்கும். போகப்போகத் தப்பான மணிகள் தீர்ந்து, வகுப்பில் யாராலும் ஜெயிக்க முடியாமல் போகும், ஏனென்றால் இந்த ஆட்டத்தில் சரியாக ஆடினால் இரண்டாவது ஆளுக்குத்தான் வெற்றி.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். மணியை வெளியே எடுக்கும் வேலையை ஜெயித்த பிள்ளையிடமே கொடுங்கள். யார் சொல்லிக்கொடுத்தது என்பது அந்தக் கைக்கே தெரிந்துவிடும்.

பதில்: மென்பொருள் பொறியாளர், சென்னை

ஐயா சொன்னது அருமை. ஆனால் அது வெற்றி தோல்வியால் கற்கும் வகை. எடுத்துக்காட்டுகளைப் பார்த்துக் கற்பதையும் பிள்ளைகள் பார்க்க வேண்டும். கூகுளின் 'டீச்சபிள் மெஷின்' தளத்துக்கு வெப்கேமராவும் இணையமும் உள்ள ஒரே கணினி போதும். வேப்பிலை, கறிவேப்பிலை இரண்டையும் காட்டிப் பழக்குங்கள். வேண்டுமென்றே வேப்பிலையைக் கரும்பலகை முன்னும், கறிவேப்பிலையை வெள்ளைச் சுவர் முன்னும் பிடிக்கச் சொல்லுங்கள். பிறகு இடத்தை மாற்றினால் பெரும்பாலும் தடுமாறும். ஏன் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. ஐயா, பெட்டியே காலியாகிவிட்டால்?

மதுரை ஆசிரியர்

அந்த ஆட்டத்தில் அது தோல்வியை ஒப்புக்கொண்டதாகக் கணக்கு. அதற்கு முந்தின நகர்வின் மணியை எடுத்துவிடுங்கள். அப்புறம், இடவலம் மாறிய நிலைகளுக்குத் தனிப் பெட்டி வேண்டாம், ஒன்றே போதும். அது எப்படி என்று பிள்ளைகளையே வரைந்து பார்க்கச் சொல்லுங்கள், சமச்சீர் பாடமும் ஆயிற்று.