பறையை அடித்தவர்களும் அடிக்க மறுத்தவர்களும்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கலையும் எதிர்ப்பும் என்று பேச்சு வந்தாலே எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பறைதான். ஆனால் பறையைக் கீழே வைத்தவர்களைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் பக்கம், கடலூர் மாவட்டத்தில், எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவருடைய அப்பா ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் பறையோடு போயாக வேண்டும். ராத்திரி, மழை, உடம்புக்கு முடியவில்லை, எந்தச் சாக்கும் செல்லாது. மேலுடம்பில் துணி கிடையாது, துண்டு இடுப்பில். கூலி என்று பேச முடியாது, கொடுக்கிற நெல்லையும் சாராயத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டும். அம்பேத்கர் நூற்றாண்டு சமயத்தில் சேரி இளைஞர்கள் கூடிப் பேசி, இனி யார் சாவுக்கும் போவதில்லை என்று முடிவெடுத்தார்கள். அதற்காக ஊர்த்தெருக்காரர்கள் அந்தப் போகத்துக்கு இவர்கள் யாருக்கும் வயலில் வேலை தரவில்லை, கடையில் கடனும் தரவில்லை. அப்படியும் யாரும் இறங்கி வரவில்லை. அவர் வீட்டுப் பறை பரணுக்குப் போனது.

பல வருடம் கழித்து நான் சனி, ஞாயிறு வகுப்பில் பறை கற்றுக்கொண்டபோது அவரை ஒருநாள் கூட்டிப்போனேன். ஆசான் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். தோல் சூடேற ஏற, தொய்வாகக் கேட்ட ஒலி கணீரென்று மாறும். தட்டிப் பார்த்து, திருப்பிக் காட்டி, மறுபடியும் தட்டிப் பார்த்தார். அப்புறம் வலது கையில் அடிக்குச்சி, இடது கையில் மெல்லிய சிண்டுக்குச்சி என்று நாங்கள் வரிசையில் நின்றோம். ஐடி கம்பெனிப் பிள்ளைகள், நர்ஸ் வேலை பார்க்கும் பெண், கல்லூரி மாணவர்கள் எல்லாரும் இருந்தோம்.

பெரியவர் ஒன்றும் பேசாமல் கடைசிவரை பார்த்தார். பிறகு ஆசானிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "சாவுக்குக் கூப்ட்டா போவீங்களா தம்பி?"

"பிடிச்சா போவோம்யா. பேசின காசு கைக்கு வரணும், சட்டையோடதான் நிப்போம். இல்லன்னா வர்றதில்லன்னு சொல்லிடுவோம்."

"அப்ப சரி" என்றார்.

மாட்டேன் என்று சொல்ல முடியாத இடத்தில் அடிக்கிற பறை அடிமை வேலை. அதே அடி, அதே தோல், ஆனால் மறுக்க முடிகிறவர் கையில் அது வேறு. இதுதான் எனக்குப் புரிந்தது. உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

*

தோழர், நான் திண்டுக்கல். சக்தி கலைக்குழுவைச் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன். சகோதரி சந்திரா 1990-ல் தொடங்கிய குழு, ஆடுகிறவர்கள் பெரும்பாலும் தலித் பெண்கள். பறை ஆம்பிளைகள் சமாச்சாரம் என்று இருந்த ஊரில், காலில் சலங்கை கட்டி, தோளில் பறையை மாட்டிக்கொண்டு பெண்கள் வரிசையாக இறங்கினால் எப்படி இருக்கும்! குனிந்து அடிப்பார்கள், குதித்துத் திரும்புவார்கள். நிமிரும்போது நேராக நம் கண்ணைப் பார்ப்பார்கள். பொது இடத்தில் பெண்கள் அப்படிப் பார்த்து நான் அதுவரை கண்டதில்லை. பக்கத்தில் இருந்த என் அத்தை, "இதுகளுக்கு யாரு கல்யாணம் பண்ணி வைப்பா" என்று முணுமுணுத்தார். ஆட்டம் முடிந்ததும் முதலில் கை தட்டியவரும் அவர்தான்.

*

சென்னையிலிருந்து. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழுவின் முதல் கச்சேரி. நான் கூட்டத்தின் நடுவில் மாட்டிக்கொண்டேன். மேடையில் எல்லோரும் கோட் சூட். அம்பேத்கர் படத்தை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு அந்த உடுப்பின் அர்த்தத்தைச் சொல்ல வேண்டியதில்லை. வடசென்னைச் சாவு வீட்டில் விடிய விடியப் பாடும் கானா, பறை, ராப் எல்லாம் ஒரே மேடையில். இடஒதுக்கீட்டைப் பற்றிய பாட்டுக்கு அத்தனை பேர் எழுந்து ஆடியதை அன்றுதான் பார்த்தேன். எங்கள் தெருவில் கானா பாடுகிறவரை "ரவுடிப் பய" என்று திட்டி வளர்ந்தவன் நான். அன்று அவருக்கு அங்கிருந்தே போன் போட்டு, போனைத் தூக்கிப் பிடித்துக் கேட்க வைத்தேன்.

*

பறைக்குப் பக்கத்தில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2019 டிசம்பர் 29 அன்று பெசன்ட் நகரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராகக் கோலம் போட்டவர்களைப் போலீஸ் பிடித்துப் போனது. கோலத்துக்கா! மார்கழி மாதம் வேறு. மறுநாள் காலை நானும் எங்கள் வாசலில் புள்ளி வைத்து, நடுவில் 'வேண்டாம் சிஏஏ' என்று எழுதினேன். மாமியார் பார்த்துவிட்டு, "எழுத்து சரியாத் தெரியலை, காவி வாங்கிட்டு வா" என்றார்.

*

எல்லாரும் எழுதியதற்கு நன்றி. அத்தை கதையைப் பெரியவருக்கு வாசித்துக் காட்டினேன், சிரித்துவிட்டார். மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், அதில் பெரியவருக்கும் சந்தோஷம்தான். ஆனால் இன்றும் சில ஊர்களில் சாவு என்றால் அதே தெருவுக்குத்தான் ஆள் அனுப்புகிறார்கள் என்றும் சொன்னார். விருது ஒருவருக்குக் கிடைத்ததால் அது நின்றுவிடாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கூட்டத்துக்கோ, கல்லூரி விழாவுக்கோ பறைக்குழுவை அழைப்பவர்கள் சம்பளத்தை முன்கூட்டியே பேசி முடியுங்கள். "சமூகத்துக்காக வாங்க" என்று இலவசமாகக் கூப்பிடாதீர்கள். பறை காய்ச்ச ஓர் இடம் ஒதுக்குங்கள், விருந்தினர்கள் சாப்பிடும் அதே பந்தியில் அவர்களுக்கும் இலை போடுங்கள். முடியாது என்று அவர்கள் சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள்.